அவசரத்துக்கு ஒரு ஊக்கு

ஜூலை 2, புதன்

மில்லில் போன வாரம் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வகுப்பு எடுத்தவர் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, "தினமும் பிரச்சினை, காரணம், நடவடிக்கை என்று மூன்றையும் எழுதுங்கள், ஆறு மாதத்தில் ஆளே மாறிவிடுவீர்கள்" என்றார். நான் மாற வேண்டிய தேவை எதுவும் இல்லை. நோட்டில் நல்ல தாள். வீணாகப் போக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பிரச்சினை: என் தங்கை தஸ்லீமா இன்று காலை கண்ணாடி முன்னால் நாற்பத்திரண்டு நிமிடம் நின்றாள்.

அவள் ரேடியோகிராஃபி படித்துவிட்டு இங்கே திருப்பூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பயிற்சியில் இருக்கிறாள். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுக்கப் பழகுகிறாள். அவளை அங்கே இறக்கிவிட்டுவிட்டு நான் எட்டு மணிக்கு மில் லேபைத் திறக்க வேண்டும். பனியன் துணியை இழுத்தும் கிழித்தும் துவைத்தும் தேய்த்தும் பார்ப்பது என் வேலை. எட்டு என்றால் எட்டு.

நேற்று வரைக்கும் ஷாலைத் தோளில் போட்டிருப்பாள். பாங்கு கேட்டால் தலைக்கு ஏற்றுவாள், பைக்கில் உட்கார்ந்ததும் அது இறங்கிவிடும். இன்று காலை முழு ஹிஜாபோடு வெளியே வந்தாள். ரோஸ் நிற ஷிஃபான். வலது பக்கம் இறுக்கம், இடது பக்கம் தொளதொள. தரையெல்லாம் முத்து வைத்த குண்டூசி.

"எப்படிண்ணே இருக்கு?"

"லேட்டா இருக்கு."

"திமிரு."

"திடீர்னு என்ன இது?"

"திடீர்னு ஒண்ணும் இல்ல. நோன்புல இருந்தே யோசிச்சிட்டு இருக்கேன்."

"காரணம்?"

"நீ வேலைல சேர்றதுக்கு முந்தின நாள் தாடிய எடுத்தியே, நான் காரணம் கேட்டேனா?"

தாடி விஷயம் வேறு. லேபில் இழை பறக்கும், தாடியில் ஒட்டும். அதை அவளுக்கு விளக்க நேரமில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அம்மாவுக்குச் சேலை முந்தானைதான் முக்காடு. பிறந்ததிலிருந்து தலையில் இருப்பதுபோல நிற்கும். அதை எப்படிச் செய்கிறாள் என்று தஸ்லி கேட்டதற்கு, "எப்படின்னா? போட்டா நிக்கும்" என்றாள். சொல்லிக்கொடுக்கத் தகுதியில்லாத ஆள்.

காரணம்: ஷிஃபான். நடவடிக்கை: நாளை ஆறு மணிக்கே எழுப்புவது.

ஜூலை 3, வியாழன்

முப்பத்தியொரு நிமிடம். முன்னேற்றம். வீரபாண்டி பிரிவு சிக்னலில் இரண்டு தடவை தலையைச் சரி செய்தாள். மூன்றாவது தடவை குண்டூசி என் முதுகில் இறங்கியது.

ஜூலை 4, வெள்ளி

ஒரு மணிக்கு ஷேடு மீட்டிங், வழக்கம்போல. வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒன்றிலிருந்து இரண்டு வரை நானும் மேனேஜர் குமரவேலும் உட்கார்ந்து, சாயம் போட்டு வந்த துணிகளில் எந்த நிறம் தேறியது, எது தேறவில்லை என்று முடிவு செய்வோம். இன்று பச்சை தேறவில்லை. கேன்டீனில் தக்காளி சாதம்.

சாயங்காலம் தஸ்லியைக் கூட்டிவரும்போது புதுப் பிரச்சினை. பின்சீட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று இன்றிலிருந்து போலீஸ் பிடிக்கிறார்கள். பின்னந்தலையில் கொண்டை, அதற்கு மேல் நான்கு சுற்றுத் துணி, அதற்கு மேல் ஹெல்மெட். உட்காரவே இல்லை. அழுத்தினால் முன்பக்கம் நழுவிப் புருவத்துக்கு வருகிறது. கழற்றினால் எல்லாமே கையோடு வருகிறது.

"வீடியோல வர்ற பொண்ணு ரெண்டு நிமிஷத்துல கட்டறாண்ணே."

"அந்தப் பொண்ணு ஹெல்மெட் போடுதா?"

"இல்ல."

"பைக்ல போகுதா?"

"இல்ல."

"அப்ப அது டெஸ்ட் இல்ல. விளம்பரம்."

கொண்டையைக் கழுத்துக்கு இறக்கிப் பின்னலாகப் போடச் சொன்னேன். ஹெல்மெட் உட்கார்ந்துவிட்டது. இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. குண்டூசிக்குப் பதிலாகக் காந்தப் பித்தான் இருக்கிறதாம், துணிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்தால் ஒட்டிக்கொள்ளுமாம். கடையில் கிடைக்கிற காந்தம் சுமாராக இருக்கும். மில்லில் சென்சாருக்கு வாங்குகிற கடையிலேயே நல்ல வலுவானதாக ஆர்டர் செய்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

காந்தம் வந்தது. அபாரம். இரண்டு பித்தானில் மொத்தத் தலையும் நிற்கிறது. தஸ்லி குதித்துப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், ஹெல்மெட் போட்டுக் கழற்றிப் பார்த்தாள். ஒன்பது நிமிடம்.

இன்று முழுக்க இதுவே வேலை. ஷிஃபான் வேண்டாம், வழுக்கும். சாட்டின் அதைவிட மோசம். எங்கள் லேபில் மிஞ்சுகிற சாம்பிள் துணியில், மெல்லிய விஸ்கோஸ் ஜெர்ஸி என்றால் தலையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மீட்டர் எண்பது நீளம், எழுபது சென்டி அகலம். உள்ளே இறுக்கமாக ஒரு தொப்பி, அதை இன்னர் என்கிறாள். ஒரு முனையைக் குட்டையாக விட்டுத் தாடைக்குக் கீழே கொண்டுபோவது, நீள முனையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து இடது தோளில் விடுவது. அவ்வளவுதான். இதற்கு இத்தனை வீடியோவா?

நிறத்தில் மட்டும் அவள் சொல்வதுதான் சட்டம். சாம்பல் நிறம் முகத்தைச் செத்துப்போனது மாதிரி காட்டுகிறதாம். கத்தரிப்பூ நிறத்தை எடுத்துக்கொண்டாள். எனக்கு நிறம் பார்க்கத்தான் சம்பளம், இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன்: அவளுக்கு அது எடுப்பாக இருந்தது.

அம்மாவுக்குக் காந்தத்தின்மேல் நம்பிக்கை இல்லை. "அது விட்டுட்டா? ஒரு ஊக்காவது இருக்கட்டும்டி" என்று தன் கழுத்துக் கருகமணியைத் தடவினாள். அதில் எப்போதும் ஐந்தாறு ஊக்கு தொங்கும். பை ஜிப் போனால், ரவிக்கைக் கொக்கி விட்டால், பஸ்ஸில் எவனாவது இடித்தால், எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் ஒன்று வரும். தஸ்லி வேண்டாம் என்று சிரித்தாள்.

ஜூலை 7, திங்கள்

புதன்கிழமையிலிருந்து தஸ்லிக்குப் பதினைந்து நாள் எம்.ஆர்.ஐ. போஸ்டிங். அந்த அறையில் இருப்பது ஒரு ராட்சதக் காந்தம். இரவு பகல் அணையாது. இரும்புச் சாமான் எதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாலும் பிடுங்கி இழுத்துக்கொள்ளும். பித்தான் காந்தம் என்றால் இன்னும் விசேஷம்.

"வாங்கறதுக்கு முன்னாடி எந்த டிபார்ட்மென்ட்னு ஒரு வார்த்தை கேக்கலாம்லண்ணே?" என்று அரை மணி நேரம் சிரித்தாள்.

கேட்டிருக்கலாம். காந்தங்கள் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில்.

ஜூலை 9, புதன்

கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. பிரிவுக்குத் தலைமை ஸ்டெல்லா மேடம். இருபது வருட அனுபவம். அறைக்கு உள்ளே போகிற ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, கைக்குள் அடங்குகிற ஒரு காந்தத்தால் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாராம். தன் சிலுவைச் செயினைக் காலையிலேயே கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவார். அங்கே துப்புரவு வேலை செய்கிற அக்கா தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிறோடுதான் வருவார். எல்லாருக்கும் ஒரே சட்டம்.

தஸ்லி இன்று ஊசி இல்லாமல், காந்தம் இல்லாமல், துணியைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு போனாள். கூட இருந்த பயிற்சிப் பெண்கள் இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். இவள் முறை. "ஒண்ணும் இல்ல மேடம்" என்று தெம்பாகச் சொல்லியிருக்கிறாள்.

கழுத்துக்கிட்டே கொண்டுபோனதும் துணி தானாக எழும்பி காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

புரட்டிப் பார்த்தால், ஓர மடிப்புக்குள்ளே ஒரு ஊக்கு.

அம்மாவுடையது. இஸ்திரி போடும்போது மடிப்புக்குள் செருகி வைத்திருக்கிறாள். பெண் பிள்ளை வெளியே போகிறாள், துணி அவிழ்ந்துவிட்டால் மானம் போய்விடும், கையில் ஒரு ஊக்கு இருக்கட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

ஸ்டெல்லா மேடம் சொன்னதைத் தஸ்லி அப்படியே நடித்துக் காட்டினாள். "இது பறந்து போய் உள்ள படுத்திருக்கறவங்க கண்ணுல குத்தியிருந்தா நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லணுமா? தலைத்துணி உன் இஷ்டம்மா. ஊசி என் இஷ்டம். இன்னொரு தடவை என் காந்தம் துள்ளுச்சுன்னா இந்த போஸ்டிங்ல கையெழுத்துக் கிடையாது."

அதோடு முடியவில்லை. நோயாளியை ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு மாற்றுவதற்குக் குனிந்தபோது அந்த முடிச்சும் நழுவிவிட்டது. கையில் கிளவுஸ், தொட முடியாது. நோயாளியின் முகத்தில் போய் விழுந்திருக்கிறது துணி. "இது தொங்கி எதுலயாவது மாட்டுனா அதுவும் அதே கணக்குதான். சரி பண்ணிட்டு உள்ள வா. அது வரைக்கும் வெளிய உக்காந்து பேரை எழுது" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பயிற்சி வருடம் நிறைவாகாது. சான்றிதழ் வராது.

நான் பேச வேண்டியதைப் பேசினேன். "பதினஞ்சு நாள். போறப்ப கழட்டிப் பையில வெச்சுக்க, வர்றப்ப போட்டுக்க. யாரு கேக்கப் போறாங்க?"

அவள் என்னையே பார்த்தாள்.

"உன்ன மாதிரியா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று தெரியவில்லை.

ராத்திரி அம்மா வைத்த குழம்பில் உப்பில்லை. அப்படியே சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

தஸ்லி பஸ்ஸில் போய்விட்டாள். நான் லேபுக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். வசதியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

இன்றும் பஸ். வாட்ஸப்பில் அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "விதியை எழுத்தில் கேள். எழுத்தில் இல்லாதது விதி இல்லை, அபிப்பிராயம்."

பன்னிரண்டரைக்குப் பதிலாக ஒரு போட்டோ வந்தது. ஸ்டெல்லா மேடம் சுவரில் ஒட்டியிருந்த தாளையே படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஐந்து வரி. உலோகம் எதுவும் கூடாது. ஜரிகையும் கூடாது. தொங்கும் முனை இருக்கக் கூடாது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் கையால் தொடாமல் நிற்க வேண்டும். தினமும் துவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும்.

தலையை மூடாதே என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இது தடை இல்லை. இது ஸ்பெக், சரக்கு எப்படி இருக்க வேண்டும் என்கிற பட்டியல். வெளிநாட்டு பையர்கள் இதைவிடக் கொடூரமாக நாற்பது பக்கத்துக்கு அனுப்புவார்கள், அதையே நாங்கள் பத்து நாளில் முடித்துக் கொடுக்கிறோம்.

ஒரு மணி மீட்டிங்கில் இருக்கும்போது இன்னொரு மெசேஜ் வந்தது.

"உன் வெள்ளிக்கிழமை ஒரு மணி மீட்டிங் விதியா, அபிப்பிராயமா?"

எங்கள் மில்லுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் பள்ளிவாசல் இருக்கிறது. பங்குனி வெயிலில்கூட நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்குப் போகக்கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வேலை அப்படி அமைந்துவிட்டது. இதைப் போனில் விளக்க முடியாது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நீலம் இரண்டு தேறியது.

ஜூலை 13, ஞாயிறு

லேபிலிருந்து பதினொரு வகைச் சாம்பிள் கொண்டுவந்தேன். தஸ்லி இன்னும் சரியாகப் பேசவில்லை. அதனால் தலைக்கு என் தலையையே பயன்படுத்தினேன். கட்டுவது, இருபது தடவை குனிவது, எத்தனை சென்டி நழுவியது என்று குறிப்பது.

முடிவு தெளிவு. மேல்துணி எதுவானாலும் அது உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு இடம் வேண்டும். ஊசி செய்கிற வேலை அதுதான். அந்த வேலையை இன்னர் செய்ய வேண்டும். பேண்ட்டில் பெல்ட் போகிறதற்கு வளையம் வைக்கிறோம் இல்லையா, அதைப்போல இன்னரில் இரண்டு காதுக்கும் பின்னால் துணியிலேயே வளையம். மேல்துணியின் முனையை அதற்குள் நுழைத்து இழுத்துவிட்டால் முடிந்தது. நூல், துணி, வேறு ஒன்றும் இல்லை.

ஏழாவது சாம்பிளைத் தலையில் சுற்றிக்கொண்டு கூடத்தில் ருகூ மாதிரி குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மைமூன் மாமி பால் பாத்திரத்தோடு உள்ளே வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார்.

"என்னடா இஸ்ஹாக்கு... ஏதும் நேர்ச்சையா?"

"டெஸ்டிங், மாமி."

"யாருக்கு?"

உள்ளறையிலிருந்து தஸ்லி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான்கு நாளைக்கு அப்புறம். "மாமி, ஒரு போட்டோ எடுங்க. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்டலாம்" என்று வெளியே வந்தாள். என் தலையைப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"காதுகிட்ட இப்படிப் பிதுங்குது, அசிங்கமா இருக்கு. நகரு."

அவிழ்த்து, என் தலையிலேயே மறுபடி கட்டினாள். இடது தோளில் விழுகிற இடத்தில் நான்கு மடிப்பு வைத்தாள். மடிப்பு எதற்கு, அதனால் பிடிமானம் ஒன்றும் கூடவில்லையே என்றேன்.

"நீ துணில ஒரு நூல் மங்கலா இருந்தா மொத்த ரோலையும் திருப்பி அனுப்பற. அது மட்டும் என்ன பிடிமானத்துக்கா?"

மடிப்பு ஸ்பெக்கில் சேர்க்கப்பட்டது.

ஜூலை 14, திங்கள்

நேற்று ராத்திரியே மூன்று இன்னர் தைத்தேன். ஒன்றைப் போட்டுக்கொண்டு போனவள் மதியமே தலைவலியோடு திரும்பி வந்துவிட்டாள். நெற்றியில் சிவப்புக் கோடு. பனியன் இடுப்புக்குப் போடுகிற இறுக்கக் கணக்கை மண்டைக்குப் போட்டுவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

புது இன்னர். இறுக்கம் பாதி. ஓரத்துக்கு ரிப் துணி, அது இழுபட்டாலும் கடிக்காது. வளையம் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். தொங்குகிற முனையை மடித்து ஆஸ்பத்திரியில் போடுகிற வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே விட்டுவிடலாம், மடிப்பு மட்டும் வெளியே தெரியும்.

டெஸ்ட்: குனிந்து நிமிர்வது இருபது தடவை, நழுவல் இல்லை. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்குவது, இல்லை. ஹெல்மெட் போட்டுக் கழற்றுவது ஐந்து தடவை, இல்லை.

கடைசி டெஸ்ட்டுக்கு ஒரு நோயாளி வேண்டும். அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, போர்வையோடு சேர்த்துத் தூக்கிப் பெஞ்சுக்கு மாற்றினோம். தஸ்லி தலைமாடு, நான் கால்மாடு.

"அடேய், மௌத்தானவளத் தூக்கற மாதிரி தூக்கறீங்களேடா! மெதுவா! இடுப்பு, இடுப்பு!"

"பேஷன்ட் பேசக்கூடாதும்மா."

"பேஷன்டாம்ல பேஷன்டு. இறக்குடா கீழ!"

துணி அசையவில்லை. ஆனால் மூன்றாவது தடவை மாற்றும்போது அம்மா தஸ்லியின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டு, "உன் போஸ்டிங்க நான்தானடி கெடுத்தேன்" என்றாள். படுத்தபடியே. தஸ்லி அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் கெடல. பேஷன்ட் பேசக்கூடாது" என்றாள்.

ஒரு சென்டிகூட நழுவவில்லை. குறித்துக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

கிளம்புவதற்கு முன்னால் தஸ்லி துணியின் நான்கு ஓரத்தையும் புரட்டி அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துவந்து அவள் தலை, கழுத்து, தோள் எல்லாம் தடவிப் பார்த்தாள். வாங்கிய காந்தம் வீண்போகவில்லை.

பதினொரு நிமிடம். என் பைக்கில் வந்தாள்.

பதினொன்றரைக்கு மெசேஜ்: "காந்தம் துள்ளல. மேடம் ரெண்டு தடவ தடவினாங்க. 'உள்ள வா'ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

இரண்டே வார்த்தையில் முடிக்கிற ஆள். அந்த மேடத்தை எனக்குப் பிடிக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

ஒரு மணி மீட்டிங். கேன்டீனில் எலுமிச்சை சாதம். சாப்பிடவில்லை.

ஜூலை 21, திங்கள்

தஸ்லி வண்டியில் ஏறியதிலிருந்து வீடு வரும் வரைக்கும் பேசினாள். ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்டது. வீட்டில் மறுபடி சொல்ல வைத்து எழுதுகிறேன்.

தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா தலைக்கு ஸ்கேன் எடுக்க வந்திருக்கிறார். ஒரு மாதமாக மயக்கம். மகன் கூட வந்திருக்கிறான். ஹிஜாப் கட்டியிருந்தார். அதில் பதினோரு ஊசி. கழற்றச் சொன்னதும் ஒரே பிடிவாதம், தலையைத் திறந்துகொண்டு உள்ளே படுக்க மாட்டேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓட்டுகிற ஆம்பிளை உட்கார்ந்திருக்கிறான், ஸ்கேனே வேண்டாம், ஊருக்குப் போகலாம் என்று மகன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவன் அழுகிற நிலையில். ஸ்டெல்லா மேடம் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த ஆளைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டார்.

தஸ்லி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தலையைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள்.

"இதுல எத்தன ஊசி இருக்குன்னு சொல்லுங்கம்மா பாப்போம்."

அந்த அம்மா தடவிப் பார்த்திருக்கிறார். காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், தோளில். "ஊசியே இல்லையே! எப்படி நிக்குது?"

"வாங்க, சொல்லித் தர்றேன்."

உடை மாற்றுகிற அறைக்குள் கூட்டிப்போய், பையில் வைத்திருந்த இன்னொரு இன்னரை அவருக்குப் போட்டு, வளையத்தில் மெல்லிய துணியைக் கோத்துக் கட்டியிருக்கிறாள். ஸ்கேனுக்குத் தலையை ஒரு கூடு மாதிரியான சாதனத்துக்குள் வைப்பார்களாம், பருமனாக எதுவும் இருக்கக்கூடாதாம், அதனால் அவருக்கு மடிப்பு வைக்கவில்லையாம். ஸ்டெல்லா மேடம் காந்தத்தால் தடவினார். துள்ளவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தாராம் அந்த அம்மா. போகும்போது இன்னரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஆறு தெச்சுக் கொண்டு வா, அலமாரில வெக்கணும்னாங்க."

"அவ்ளோதானா?"

"வெள்ளையில வேணுமாம். துவைக்கறதுக்கு."

ஆறு போதாது, பத்து தைக்கிறேன். மூன்று அளவில்.

அவள் அறைக்குப் போகும்போது திரும்பி, "அண்ணே, அந்தம்மாவுக்கு முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சுச்சு. கேக்கத்தான் தெரியல. கேட்டிருந்தா மேடமே ஏதாச்சும் பண்ணியிருப்பாங்க" என்றாள். பொதுவாகச் சொன்னாள். பொதுவாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

பத்து இன்னர் முடிந்தது. வெள்ளை. தூக்கம் வரவில்லை. புழுக்கம் காரணமாக இருக்கலாம்.

ஜூலை 25, வெள்ளி

தஸ்லியின் போஸ்டிங்கில் கடைசி நாள். காலையில் ஏழு நிமிடம். மடிப்பு உட்பட.

பைக்கைக் கிளப்பும்போது அம்மா வாசலுக்கு வந்தாள். விரல்களுக்கு நடுவில் ஒரு ஊக்கு. தஸ்லி ஹெல்மெட்டோடு இரண்டு கையையும் தூக்கி, "யம்மா, வேணாம்" என்று கத்தினாள்.

"உனக்கில்லடி. உன்கிட்டதான் வெக்கக் கூடாது. இவனுக்கென்ன?" அம்மா என் சட்டைப் பையின் உள்பக்கம் அதைக் குத்தினாள்.

"எனக்கெதுக்கும்மா?"

"அவசரத்துக்கு."

பன்னிரண்டு நாற்பதுக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். உட்காரவில்லை.

"சார், வெள்ளிக்கிழமை ஒரு மணி மீட்டிங்குக்கு இனிமே என்னால வர முடியாது. ஜும்மா தொழுகை இருக்கு. ரெண்டரைக்கு வெச்சுக்கலாம். முடியாதுன்னா எழுத்துல கொடுங்க."

கடைசி வரி தேவையில்லை. தயார் செய்து வைத்திருந்தேன், வந்துவிட்டது.

குமரவேல் சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏனுங்க தம்பி, எழுத்துலயா? நீங்க சேர்ந்த புதுசுல, வாராவாரம் ஷேடு பாக்க எந்த நேரம் தோதுப்படும்னு உங்களத்தானுங்க கேட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு மணின்னு சொன்னதே நீங்கதான். நான்கூட யோசிச்சேன், ஏதாச்சும் கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு விட்டுட்டேன். ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை ஆனா எனக்கு ஆறிப்போன சோறுங்க. வீட்ல சுகர் மாத்திரைக்கு நேரத்துல சாப்பிடலைன்னு தினமும் பேச்சு."

அவர் சொன்னது உண்மை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அந்த நேரத்தை நான்தான் சொன்னேன். தொழுகைக்கு விடச் சொல்லிக் கேட்கிற நிலையே வரக்கூடாது என்று யோசித்துத்தான் சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது.

"ரெண்டரை சரிங்களா சார்?"

"ரெண்டே முக்காலா வெச்சுக்கலாமுங்க. சாப்பிட்டுட்டு ஒரு பத்து நிமிஷம் கண்ணு மூடோணும். கிளம்புங்க, நேரமாச்சு."

பள்ளிவாசல் ஆறு நிமிட நடை. நேரம் பார்த்துக்கொண்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் அதிர்ந்தது. தஸ்லி. ஒரு தாளின் படம். ஸ்டெல்லா மேடத்தின் கையெழுத்து, பச்சை மையில். குறிப்பு என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: "அடுத்த பிரிவுக்கு அனுப்பலாம். எங்களிடமே இருந்தால் நல்லது." கீழே அவள் கேட்டிருந்தாள்: "மீட்டிங்ல இருக்கியா?"

"இல்லை" என்று அனுப்பினேன்.

தொப்பி கொண்டுபோகவில்லை. வீட்டில் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, ஜும்மாவுக்கு முன்னால் தனியாகத் தொழுகிற சுன்னத் தொழுகையைத் தொழுதேன்.

பிரச்சினை: முதல் ருகூவிலேயே கைக்குட்டை வழுக்கிக் கண்ணுக்கு இறங்கியது. நெற்றியைத் தரையில் வைக்கிற ஸஜ்தாவில் முழுதாகக் கழன்று விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார்.

காரணம்: பாலியஸ்டர் கலந்த துணி. கட்டியவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

நடவடிக்கை: இமாம் பிரசங்கத்துக்கு மிம்பர் மேடையில் ஏறுவதற்குள் சட்டைப் பையிலிருந்து ஊக்கை எடுத்துப் பின்பக்கம் குத்திக்கொண்டேன். அப்புறம் அசையவில்லை.